காம்பியாவும் கரம்பொன் கன்னிக்காலும்

1981 ஆகஸ்ட் 1, சனி. ஊர்காவற்றுறை

பலத்த சோளகக் காற்று. நயினாதீவு வள்ளங்கள் பிந்தித்தான் வந்தன.

உறுதியானது (லண்டன் வானொலி, நேற்று மாலை): காம்பியாவில் ஆட்சியைப் பிடிக்க முயற்சி. ஜனாதிபதி வெளிநாட்டில். தலைநகர் பஞ்சூல் பக்கம் சண்டை. அயல்நாடான செனகலின் படை உள்ளே. தந்தித் தொடர்பு இல்லை. மிச்சமெல்லாம் வதந்தி.

பக்கத்து ஊர்க் கரம்பொன் மலர் காலையிலேயே வந்துவிட்டாள். புருஷன் நவம் காம்பியாவில் கணித ஆசிரியர், போய் இரண்டு வருஷம். கையில் அவனுடைய கடிதக் கட்டு.

"அண்ணை, ஆபிரிக்கா முழுக்க எரியுதெண்டு பஸ்ஸிலை கதைக்கினம்."

"முழுக்க எரியேல்லை. ஒரு ஆத்தின்ரை வாயிலை சண்டை."

"இவர் ஆத்தின்ரை எவடத்திலை?"

தெரியவில்லை. முப்பது வருஷம் செய்தி எழுதியவன். வெட்கம்.

2, ஞாயிறு

தேசப்படம் வேண்டும். யாழ்ப்பாண நூலகத்தில் மேற்கு ஆபிரிக்கா பற்றிப் பச்சை மட்டையில் ஒரு தடித்த புத்தகம். ஜன்னல் பக்க அலுமாரி. நாளைக்கு எந்த பஸ் என்று யோசித்த பிறகுதான் நினைவு வந்தது. நூலகத்தை எரித்து இரண்டு மாதம். கால் இன்னும் அங்கேதான் போகப் பார்க்கிறது.

அந்தப் புத்தகம் எரித்தவர்களுக்கு என்ன செய்தது? காம்பியா எங்கள் சண்டையில் எந்தக் கட்சியிலும் இல்லை.

பின்னேரம் பள்ளிக்கூட அட்லஸ் ஒன்று கிடைத்தது. பழசு. தலைநகருக்கு இன்னும் பாதர்ஸ்ட் என்ற வெள்ளைக்காரப் பெயர். நாடென்பது ஒரு ஆறும் அதன் இரு கரையும். அகலம் முப்பது மைல் கூடத் தேறாது. மேற்கே கடல், மற்றப் பக்கமெல்லாம் செனகல். ஆங்கிலேயன் ஆற்றைப் பிடித்தான், பிரெஞ்சுக்காரன் சுற்றிவர நிலத்தைப் பிடித்தான், இருவரும் இருந்து கோடு கீறினார்கள். அங்கே இருந்த சனத்தை ஆரும் கேட்கவில்லை. இத்தனைக்கும் அந்த நாட்டைப் பற்றி அட்லசில் ஒரே சொல், விளைபொருள்: நிலக்கடலை.

3, திங்கள்

பத்திரிகைக்கு ட்ரங்க் கோல் எடுத்துப் பேசினேன். ஆசிரியர், என்னிலும் இளையவர்:

"அண்ணை, தீவுப்பகுதிச் செய்தியை அனுப்புங்கோ. உலகச் செய்தி எங்களுக்கு வரும்."

"இது தீவுப்பகுதிச் செய்திதான்."

"உலகப் படத்திலை அது ஒரு கீறு. ஆர் வாசிக்கப் போகினம்?"

"கரம்பொன்னிலை ஒருத்தி."

சிரித்தார். நாலு வரி போடுவாராம்.

வாங்க வேண்டியவை: மண்ணெண்ணெய். சவர பிளேட். குடைக்கம்பி.

4, செவ்வாய்

நவத்தின் கடிதங்களை வாசித்து முடித்தேன். அந்தரங்க வரிகளை மலர் மடித்தே தந்தாள். மடித்ததைத் தொடவில்லை.

இருப்பது ஜோர்ஜ்டவுன். ஆற்றின் நடுவே ஒரு தீவு. எங்கள் காரைநகர்ப் பாதைப் படகு மாதிரி அங்கேயும் பாதையில் ஏறித்தான் அக்கரை. "தீவானுக்குத் தீவுதான் விதிச்சிருக்கு" என்று பகிடி. ஆற்றின் வாய்ப் பக்கம் வேறொரு தீவில் பழைய கோட்டை: "எங்கடை கடற்கோட்டை மாதிரித்தான். ஆனா ஆக்களை விக்கிறதுக்கு அடைச்சு வைச்சவங்கள். நிண்டு பாக்க ஏலாமல் திரும்பிட்டன்." விடுவிக்கப்பட்ட அடிமைகள் சிலரைப் பிறகு குடியேற்றிய தீவில்தான் இவன் படிப்பிக்கிறான்.

நூல் வைத்து அளந்தேன். பஞ்சூலிலிருந்து ஜோர்ஜ்டவுன், ஊர்காவற்றுறையிலிருந்து அனுராதபுரத்தையும் தாண்டும். சண்டைக்குத் தூரம், நல்லது.

ஆனால் கடைசிக் கடிதம்: "விடுமுறைக்குப் பஞ்சூல் போனாலும் போவன்." இப்போது விடுமுறை.

மாலை கரம்பொன். மலரின் தம்பிக்கு நாளை பொன்னுருக்கு. தாலிக்குப் பொன் உருக்கியபின் முள்முருக்கந் தடியைக் கன்னிக்காலாக நட்டு மூன்று சுமங்கலிகள் தண்ணீர் ஊற்றுவார்கள். தமக்கை என்று மலர் அவர்களில் ஒருத்தி. தாய்மாமன் குரலைத் தாழ்த்தி:

"அவள் குசினியோடை நிக்கட்டும். புருஷன்ரை சேதி தெரியாமல் எப்பிடி? நீர் பேப்பர்காரர். உயிரோடை இருக்கிறார் எண்டு எழுதித் தாரும், தண்ணி ஊத்த விடுறம்."

எழுத ஏலாது என்றேன். உறுதியில்லை. அவர் தலையாட்டினார், நான் தன் பக்கம் என்பது போல.

எங்கோ துவக்குத் தூக்கினவனுக்குத் தண்டனை இல்லை. குசினிக்குள் போக வேண்டியவள் இவளாம். அதற்கு என் நேர்மை சாட்சியாம்.

5, புதன்

காலை வானொலி: சண்டை ஓயவில்லை. பணயக் கைதிகள் இருக்கிறார்கள். பெயர்கள் இல்லை.

கரம்பொன். ஆசாரி உமிச் சட்டியை ஊதிக்கொண்டிருந்தார். மலர் குசினி வாசலைத் தாண்டி நேரே என்னிடம் வந்தாள். எல்லாருக்கும் கேட்கும்படி:

"அண்ணை, இவர் இல்லையெண்டு ஆரும் உறுதியாச் சொன்னவையோ?"

"இல்லை."

"லண்டன்?"

"இல்லை."

"கொழும்பு?"

"கொழும்புக்கு அந்த நாடு எங்கையெண்டே தெரியாது."

"அப்ப அதை எழுதித் தாங்கோ."

தாள் கிழித்து எழுதினேன்: கரம்பொன் நவம் ஆசிரியர் உயிரிழந்ததாக இன்று காலை வரை எந்தச் செய்தியும் உறுதியாகவில்லை. மூலம், திகதி, நேரம், கையெழுத்து.

மாமன் இரண்டு தரம் வாசித்தார். "இதிலை உயிரோடை எண்டு இல்லையே."

"இல்லையெண்டும் இல்லை, மாமா." செம்பை எடுத்துவிட்டாள்.

பொன் உருகியது. மூன்றாவதாக ஊற்றினாள். தண்ணீர் முழுவதும் தடியின் அடியில்தான் விழுந்தது.

6, வியாழன்

பத்திரிகை வந்தது. நாலு வரி இல்லை, இரண்டு. நாட்டின் பெயரே இல்லை: ஆபிரிக்க நாடொன்றில் குழப்பம். வழக்கம்போல் வெட்டிக் கொப்பியில் ஒட்டவில்லை.

ஜோர்ஜ்டவுன் பள்ளி அதிபருக்குத் தபால் கந்தோரில் தந்தி எழுதிக் கொடுத்தாயிற்று. லண்டன் வழியாகப் போகும், தொடர்பு திறந்தால். பதில் உண்டா என்று திங்கள் எட்டு மணிக்கு வந்து பார்க்கச் சொன்னார்கள். மலரும் வருவாள். நான் எழுதிக் கொடுத்த தாள் அவளிடம்தான். திங்கள் எட்டு மணி வரை அது செல்லும்.