எட்டு மடங்குத் தண்ணீர்

அன்புள்ள குழந்தையின் அப்பாவுக்கு,

நாங்கள் நலம். நீங்கள் வேளைக்குச் சாப்பிடுகிறீர்களா? புதுச் செருப்பு கடிக்கிறது என்றீர்களே, இப்போது பரவாயில்லையா?

போனில் சொன்னால் சிரிக்கிறீர்கள். அதனால் எழுதி, உங்களோடு வேலை செய்பவரிடம் கொடுத்தனுப்புகிறேன். வியாழக்கிழமை கையில் கிடைத்துவிடும். சிரித்து முடித்துவிட்டே படியுங்கள்.

மொட்டைமாடியில் புதுத் தண்ணீர்த்தொட்டி தயார். "பழசப்போல ரெண்டு மடங்கா கட்டு" என்று நீங்கள் சொன்னதை உங்கள் அண்ணன் அப்படியே பிடித்துக்கொண்டார். முப்பது வருடக் கொத்தனார் அல்லவா, நீளம், அகலம், உயரம் மூன்றையும் இரட்டிப்பாக்கிவிட்டார். நேர் கீழே நானும் மகளும் படுக்கும் அறை. தூண்களோ பழைய தொட்டிக்குப் போட்டவை.

நம் மகளுக்குப் பள்ளியில் வர்க்கமும் அடுக்குகளும் நடக்கின்றன. சர்க்கரைக் கட்டிகளை மேசையில் வைத்துப் பார்த்தாள். பக்கத்துக்கு இரண்டு வைத்தால் கீழ்த்தட்டுக்கே நான்கு. உயரமும் இரண்டு என்றால் எட்டு. ஒன்றைக்கூடத் தின்னாமல் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு கேட்டாள்: "அம்மா, அப்போ மாடியில தண்ணி ரெண்டு மடங்கு இல்லையே, எட்டு மடங்குல்ல?"

உங்கள் அண்ணனைக் கூப்பிட்டுக் காட்டினேன். ஒரு கட்டியை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு, "தூணப் போட்டது நான், அவளோட டீச்சர் இல்ல" என்றார்.

ஒழுகுகிறதா என்று பார்க்க இதுவரை கால் தொட்டிதான் நிரப்பியிருக்கிறார். அதுவே முழுப் பழைய தொட்டியைப்போல் இரண்டு மடங்கு. அன்றிலிருந்து அறைக் கதவு நிலையில் உரசுகிறது. மழைக்கு மரம் ஊதியிருக்கும் என்று இழைப்புளி போட்டுச் சீவிவிட்டார். மழை பெய்து மூன்று மாதமாகிறது. அதனால்தானே தொட்டியே கட்டினோம்.

மகளின் படுக்கையையும் என் படுக்கையையும் கூடத்துக்கு மாற்றினேன். உங்கள் அண்ணன் கோபித்துக்கொள்வார் என்று நினைத்தேன். கோபிக்கவில்லை. எங்கள் பயம் போகட்டும் என்று தன் கட்டிலைக் கொண்டுவந்து அந்த அறையில் போட்டுக்கொண்டார். அவர் திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

வெள்ளிக்கிழமை காலை தொட்டியை முழுக்க நிரப்பப் போகிறாராம். இதை எழுதும்போதே, மதியத் தூக்கம் முடிந்து உள்ளேயிருந்து கதவைத் தள்ளுகிறார். சீவிய கதவே மறுபடி இறுகி, மூன்றாம் தடவை தள்ளியபோதுதான் திறந்தது.

என் பேச்சு எடுபடவில்லை, குழந்தையின் கணக்கும் எடுபடவில்லை. நீங்கள் சொன்னால் மட்டும்தான் கேட்பார். கட்டச் சொன்ன வாயாலேயே நிரப்ப வேண்டாம் என்றும் சொல்லிவிடுங்கள். உங்கள் அண்ணன் நூறு வயது இருக்க வேண்டும்.

உங்கள் பதிலுக்காகப் போன் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கும்,
உங்கள் மனைவி