மோனசாமியின் மனைவிக்கு

வேங்கிக்கால்,
ஆனி மாதம், ஞாயிற்றுக்கிழமை.

அன்புள்ள மருமகள் உண்ணாமலைக்கு,

மாமா பரசுராமன் ஆசீர்வாதத்துடன் எழுதுவது. இங்கே நானும் உன் மகள் எழிலும் சுகம். சென்னையில் உனக்குச் சாப்பாடு ஒத்துக்கொள்கிறதா, ஆஸ்டலில் தண்ணீர் ஒழுங்காக வருகிறதா என்று தெரியப்படுத்தவும்.

போன் இருக்கும்போது கிழவன் எதற்காகக் கடிதாசி எழுதுகிறான் என்று நினைப்பாய். போனில் நாம் பேசுகிற லட்சணம் உனக்கே தெரியும். நான் கத்துகிறேன், நீ வைத்துவிடுகிறாய். நாற்பது வருஷம் பஸ்ஸில் கண்டக்டராகக் கத்திய தொண்டை, மெதுவாகப் பேசு என்றால் கேட்கமாட்டேன் என்கிறது. எழுத்தில் அந்தத் தொல்லை இல்லை.

எழில் பத்தாம் வகுப்பு போய்விட்டாள். கணக்கில் கெட்டி. ஒரு விஷயம்தான் எனக்குப் பிடிக்கவில்லை. லீவு நாளில் மத்தியானம் நான் கொஞ்சம் கண்ணயர்ந்தால் போதும், வந்து மூக்குக்குக் கீழே விரலை வைத்துப் பார்க்கிறாள். நான் முழித்துக்கொண்டால் ஒன்றும் தெரியாதவள் போல ஈ ஓட்டுகிறாள். நீயும் அங்கே ஆஸ்பத்திரி வார்டில் தூங்குகிற நோயாளிகளைத் தொட்டுத் தொட்டு எழுப்பி, நர்ஸம்மாவிடம் திட்டு வாங்குவதாகச் சொன்னாய். படுக்கை தட்டிப் போடுகிற உதவி வேலைக்குப் போனவள் அந்த வேலையை மட்டும் பார்க்கக் கூடாதா?

விஷயத்துக்கு வருகிறேன். தாலுகா ஆபீசிலிருந்து ஆர்.ஐ. விசாரணைக்கு வந்திருந்தார். உட்காரவைத்து மோர் கொடுத்தேன். "உங்க மருமவளுக்கு ஆதரவு யாருமே இல்லைன்னு விதவைச் சான்றுக்கு மனு குடுத்துருக்காங்க, நெசந்தானா பெரியவரே" என்று கேட்டார். எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. "நான் ஒருத்தன் குத்துக்கல்லாட்டம் ஒக்காந்துகினு இருக்கேன், பென்ஷன் வருது, சொந்த வீடு இருக்குது, இன்னா சார் யாரும் இல்லன்றீங்க" என்று கேட்டுவிட்டேன். அவர் பாதி மோரை வைத்துவிட்டு, அதை அப்படியே எழுதிக்கொண்டு போய்விட்டார். மனு நின்றுவிட்டது என்று நீ அழுததாக எழில் சொன்னாள். அழு. நானும் அன்றைக்குச் சாப்பிடவில்லை.

எனக்கு விளங்காமல் இல்லை அம்மா. முப்பத்தெட்டு வயதில் அரசு நர்சிங் பள்ளியில் இடம் கேட்டால் வயது தாண்டிவிட்டது என்பார்கள். ஆதரவற்ற விதவை என்று சான்று இருந்தால் சலுகை உண்டு. மூன்று வருஷம் டிப்ளமோ, அதன் மேல் இரண்டு வருஷம் படித்தால் பட்டம். கல்யாணத்துக்காக முதல் வருஷத்தோடு நிறுத்திய படிப்பை முடிக்க உனக்கு இன்னும் ஐந்து வருஷம். இங்கே பஸ் ஸ்டாண்டு பக்கத்திலேயே ஒரு வருஷ உதவியாளர் படிப்பு இருக்கிறது. வயது கேட்கமாட்டார்கள். சாயங்காலம் எழில் வருவதற்குள் வீட்டுக்கு வந்துவிடலாம். அதைச் சொன்னால், மூச்சுத் திணறுகிறவன் பக்கத்தில் நின்றுகொண்டு நர்ஸைக் கூப்பிடத்தான் அந்தப் படிப்பு ஆகும், கை வைக்க விடமாட்டார்கள் என்கிறாய். கூப்பிடவாவது ஒருத்தி வேண்டுமே.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், வேறு யாராவது சொல்லி நீ கேட்கக் கூடாது. கிரிவலப் பாதையில் என் பிள்ளை இளவரசன் உட்கார்ந்த இடத்தில் கல் நட்டுவிட்டார்கள்.

மாலை போட்டிருந்த தாடியும் காவி வேட்டியுமாகக் கார்த்திகைப் பௌர்ணமிக்கு மலை சுற்றப் போனவன், வாயு லிங்கம் தாண்டி, நெஞ்சு வலித்து, மலைப்பக்கம் இருந்த புங்க மரத்தடியில் சாய்ந்துவிட்டான். அது சித்தர்கள் கண்ணுக்குத் தெரியாமல் நடக்கிற பக்கம் என்று ஜனங்கள் ஒதுங்கி இடது ஓரமாகவே போவார்கள். அங்கே ஒருவன் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தால் சாமியார் என்றுதான் நினைப்பார்கள். நினைத்தார்கள். மடியில் வாழைப்பழம் வைத்தார்கள். விடிகிற வரைக்கும் ஊரே கும்பிட்டுக்கொண்டு போனது. காலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்களே, அந்தக் கால் சில்லிட்டிருந்தது ஒருத்தர் விரலுக்குமா தெரியவில்லை? கொஞ்சம் முன்னால் கொண்டுவந்திருந்தால் என்று டாக்டர் ஆரம்பித்ததை முடிக்கவிடாமல் நீ வெளியே போனாய். அதற்குப் பிறகு மூன்று வருஷமாக நீ அந்தப் பாதையை மிதிக்கவில்லை.

இப்போது அவன் பெயர் மோனசாமி. பேசாமலே சமாதி ஆனவராம். பிறந்ததிலிருந்து வாய் ஓயாதவனுக்கு வைத்த பெயரைப் பார். ஆந்திராவிலிருந்தெல்லாம் வந்து சூடம் ஏற்றுகிறார்கள். பிள்ளை வரம் கொடுக்கிறாராம். கல்லைப் பிடுங்கி எறியத்தான் போனேன். ஒரு பெண்பிள்ளை விழுந்து கும்பிட்டுக்கொண்டிருந்தாள். எழுந்திருக்கட்டும் என்று நின்றேன். அவள் எழுந்த பிறகு எனக்குக் கை வரவில்லை.

ஆகவே அந்த மனுவை விட்டுவிட்டு ஊருக்கு வந்து சேர். உனக்கு யாரும் இல்லை என்று என் வாயால் வராது.

இப்படிக்கு,
மாமா பரசுராமன்.


வேங்கிக்கால்,
ஆனி மாதம், பௌர்ணமி கழித்து.

அன்புள்ள உண்ணாமலைக்கு, மாமா ஆசீர்வாதம்.

உன் பதில் வந்தது. அவ்வளவு நீளமாக எழுதியவனுக்கு இரண்டே வரி எழுதியிருந்தாய். "நீங்க இருக்கீங்கன்னு எனக்குத் தெரியும் மாமா. அவரைச் சுத்தியும் அன்னைக்கு அத்தனை பேர் இருந்தாங்க." படித்துவிட்டு எனக்குக் கோபம் ஜாஸ்தியாகத்தான் வந்தது. என்னையும் அந்தக் கும்பலோடு சேர்த்துவிட்டாளே என்று, நீ பாதியில் வைத்துவிட்டுப் போன தையல் மிஷினிடம் வெகுநேரம் சண்டை போட்டேன். பார்த்த எழில் சிரித்தாள்.

உன்னிடம் இதுவரை சொல்லாதது ஒன்று உண்டு. பௌர்ணமிக்குப் பௌர்ணமி நான் மலை சுற்றப் போவது சாமிக்காக இல்லை. எல்லோரும் இடது ஓரமாகப் போக, நான் மட்டும் மலைப்பக்கமாகவே போகிறேன். மரத்தடியிலும் மண்டபத்திலும் கண்ணை மூடி உட்கார்ந்திருக்கிற ஒவ்வொருவரையும் தொட்டுப் பார்க்கிறேன். சூடு இருந்தால் அடுத்தவரிடம் போகிறேன். சாமியார்களுக்கெல்லாம் என்னைத் தெரியும். "வந்துட்டான்டா கண்டக்டரு, டிக்கெட் பாக்க" என்று ஒருவர் தூரத்திலேயே காலை நீட்டிவிடுவார். புதிதாக வந்த ஒருவர் கமண்டலத்தால் என் முழங்கையில் போட்டார். அப்போதும் எனக்குச் சந்தோஷம்தான். அடிக்கிறவனுக்கு உயிர் இருக்கிறது.

இதில் சில சமயம் எனக்கு முன்னால் யாரோ போவது போல இருக்கும். காவி வேட்டி, அந்த நடை, வலது தோளைக் கொஞ்சம் இறக்கி. கிட்டே போனால் வேறு ஆளாக இருப்பான், இல்லை ஆளே இருக்கமாட்டான். பயமாக இருக்கிறதா என்று கேட்டால், இல்லை. காணாமல் போகிற இடத்தில்தான் பயமாக இருக்கிறது. உன் அத்தை உயிரோடு இருந்திருந்தால் வேப்பிலை அடித்திருப்பாள்.

இந்தப் பௌர்ணமிக்கு மழை தூறிக்கொண்டிருந்தது, கூட்டம் கம்மி. மோனசாமி கல்லுக்குக் கொஞ்சம் முன்னால் ஒருவன் சாய்ந்திருந்தான். வெளியூர்க்காரன், காவி வேட்டி, தாடி. பக்கத்தில் யாரோ ஒரு சீப்பு வாழைப்பழம் வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். வழக்கம் போலக் காலைத் தொட்டேன். ஈரமாக, சில்லென்று இருந்தது. மழை ஈரம் இல்லை அம்மா, அது வேறு ஈரம். என்னை அறியாமல் "டேய் இளவரசா" என்று கத்தினேன். அவன் கண்ணைத் திறந்தான்.

மூன்று வருஷமாக இதற்காகத்தான் நடந்திருக்கிறேன். கண்டுபிடித்தும்விட்டேன். அதற்குப் பிறகு என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை. படுக்கவைப்பதா, உட்காரவைப்பதா, தண்ணீர் கொடுப்பதா கூடாதா? அவன் கையைப் பிடித்துக்கொண்டு, அடுத்த ஸ்டாப் வரப்போகிறது என்பது போல, "தோ வந்துடும், தோ வந்துடும்" என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். எது வரும் என்று எனக்கே தெரியாது. சுற்றிலும் ஏழெட்டுப் பேர் கூடிவிட்டார்கள். ஒருத்தர் விபூதியை எடுத்தார்.

என் கத்தல் முதலுதவிப் பந்தல் வரைக்கும் கேட்டிருக்கிறது. அங்கிருந்து ஒரு நர்ஸ் ஓடிவந்தாள். சின்னப் பெண் இல்லை, உன் வயது இருக்கும், காதோரம் நரை. விபூதிக்காரரை ஒரு கையால் தள்ளினாள். "எப்பத்துலேர்ந்து இப்டி இருக்காரு பெரியவரே? இன்னா சொன்னாரு? வாந்தி எடுத்தாரா?" என்று கேட்டாள். நான் பக்கத்தில் இருந்தேன், அவ்வளவுதான். அவள் அவனைத் தன் முழங்காலில் சாய்த்து, போனில் டாக்டரிடம் நாலு வார்த்தை பேசி, ஒரு மாத்திரையை வாயில் போட்டு மென்று விழுங்கச் சொன்னாள். பேச்சுக் கொடுத்துக்கொண்டே நாடி பார்த்தாள். அவள் விரல் பதறவில்லை. ஆம்புலன்ஸ் கதவைச் சாத்தும்போது உள்ளேயிருந்து அவன் தெலுங்கில் யாரையோ திட்டுவது கேட்டது. பிழைத்தானா என்று தெரியாது. திட்டினான், அது எனக்குப் போதும்.

எல்லோரும் போன பிறகு அந்த வாழைப்பழம் அங்கேயே கிடந்தது. நான் மோனசாமி கல்லுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அழுதேன். போகிறவர்கள் என்னையும் கும்பிட்டுவிட்டுப் போனார்கள்.

நீ எழுதிய இரண்டு வரியை வீட்டுக்கு வந்து மறுபடி எடுத்துப் படித்தேன்.

மாமா பரசுராமன்.


வேங்கிக்கால்,
ஆடி பிறந்து முதல் வெள்ளி.

அன்புள்ள உண்ணாமலைக்கு,

இன்று காலை குளித்து, வெளுத்த சட்டை போட்டுக்கொண்டு ஆபீசுக்குப் போனேன். ஆர்.ஐ. என்னைப் பார்த்ததும், மோர் கொடுக்க வந்திருக்கிறேன் என்று நினைத்தாரோ என்னவோ, எழுந்து நின்றார். அன்றைக்குச் சொன்னது கோபத்தில் சொன்னது என்றேன். "அன்னைக்கு அப்டி சொன்னீங்க, இன்னைக்கு வந்து இப்டி சொல்றீங்களே பெரியவரே, உங்களுக்கே நல்லாருக்குதா" என்று கேட்டார். "நல்லால்ல சார், எழுதிக்கோங்க" என்றேன். வாயால் சொன்னால் ஆகாது, உங்கள் கையாலேயே எழுதிக் கொடுங்கள் என்றார்.

எழுதினேன். என் மகன் இளவரசன் இறந்த பிறகு அவன் மனைவி உண்ணாமலைக்குப் புகுந்த வீட்டில் ஆதரவு இல்லை என்று, என் கையெழுத்தில், என் பெயரைப் போட்டு. டிக்கெட் கிழிக்கிற காலத்தில்கூட நான் ஒரு பொய்க் கணக்கு எழுதியவன் இல்லை. மனு நகர்ந்துவிட்டது, சான்று வந்துவிடும் என்கிறார்கள். வந்ததும் வாங்கி அனுப்புகிறேன். மூன்று வருஷப் படிப்புக்கே போடு. அதற்கு மேல் இரண்டு வருஷத்தையும் படித்து முடித்துவிட்டு வா. பஸ் ஸ்டாண்டு படிப்பைப் பற்றி இனிமேல் நான் பேசமாட்டேன்.

பள்ளிக்கூடம் விட்டு வந்த எழிலிடம் சொன்னேன். "ஏன் தாத்தா அப்டி எழுதிக் குடுத்தீங்க" என்று கேட்டுவிட்டு என்னோடு பேசாமல் இருந்தாள். அலுப்பில் கொஞ்சம் படுத்தேன். கொஞ்ச நேரத்தில் மூக்குக்குக் கீழே விரல் வந்தது. கோபம் தீர்ந்துவிட்டது என்று வைத்துக்கொண்டேன். இந்த முறை நான் முழிக்கவில்லை. அவள் நிம்மதியாகப் பார்த்துவிட்டுப் போகட்டும் என்று நன்றாக மூச்சு விட்டேன்.

அவளைப் பற்றிக் கவலைப்படாதே. நான் வைக்கிற ரசத்தை முகத்தைச் சுளித்துக்கொண்டாவது குடித்துவிடுகிறாள். ஐந்து வருஷம் மாமா இருப்பாரா என்று நீ யோசிப்பாய், எழுதமாட்டாய். நானும் யோசித்தேன். ஆபீசிலிருந்து நேராக ஆட்டோ பிடித்து வாயு லிங்கம் தாண்டிப் போய் இறங்கினேன். முதல் தடவையாக அந்தக் கல்லுக்கு நானும் ஒரு சூடம் ஏற்றினேன். "ஊர்ல கண்டவங்களுக்கெல்லாம் புள்ள குடுக்கறியாமே, அப்பனுக்கு அஞ்சு வருஷம் குடுடா" என்று கேட்டேன். வாழ்நாளில் முதல் தடவையாக என்னை எதிர்த்துப் பேசாமல் இருந்தான், அதனால் சரி என்றுதான் அர்த்தம்.

உன் பெயரையும் சொல்லிவிட்டு வந்தேன். தூங்குகிறவர்களைத் தொட்டுப் பார்க்கிற பழக்கத்தை மட்டும் நீ விட்டுவிடாதே, திட்டினால் திட்டட்டும். தொட்ட பிறகு செய்ய வேண்டியதை அந்த அருணாசலேஸ்வரர் உன் கைக்குக் கொடுக்கட்டும். நீ நன்றாக இருப்பாய்.

நான் எழுதிக் கொடுத்த அந்தத் தாளைச் சர்க்கார் நம்பினால் போதும். நீ நம்பிவிடாதே அம்மா.

மாமா பரசுராமன்.