அப்பா உண்மையில் பேசியது

ஜவ்வாது மலை,
மாசி 12.

அன்பு மகள் புவனாவுக்கு அம்மா எழுதுவது. இங்கே அப்பாவுக்கும் எனக்கும் உடம்புக்கு ஒன்றுமில்லை, சென்னையில் நீயும் அப்படியே இருக்க வேண்டும், வேளைக்குச் சாப்பிடு. போனில் நீ பேசும்போது எனக்கு வாய் வருவதில்லை, அஞ்சல் வழியில் படித்துப் பட்டம் வாங்கியும், இந்த முப்பத்தொன்பது வயதிலும் அந்தக் கூச்சம் போகவில்லை, அதனால்தான் எழுதுகிறேன்.

புளி உலுக்கி மூட்டை கட்டியாகிவிட்டது, ஆனால் முதல் மூட்டை போனதோடு சரி, மற்றதெல்லாம் வீட்டிலேயே கிடக்கிறது, உன் அப்பா போளூர் பக்கம் இறங்குவதில்லை. போன வாரம் அங்கே மண்டியில் வியாபாரி புருஷோத்தமன், இருபது வருஷம் பழகினவர், எல்லார் முன்னாலும், "இன்னா ரங்கா, மூட்டையில புளிதானா, இல்ல எவன் தலையையாவது வெட்டி எடுத்தாந்துட்டியா?" என்று கேட்டாராம். மூட்டை தூக்குகிறவர்கள் வாயைத் தட்டித் தட்டி ஊளையிட்டார்களாம். இவரும் கூடச் சேர்ந்து சிரித்துவிட்டு வந்திருக்கிறார். அந்தச் சிரிப்பைச் சொல்லும்போதுதான் அவர் குரல் உடைந்தது.

எல்லாம் நம் ஊர்க்காரர்களை நிற்க வைத்து எடுத்த உங்கள் படத்தால் வந்தது புவனா. பொங்கல் கழித்து ஒரே ஜீப்பில் பதினெட்டுப் பேர் இறங்கிப் போய்ப் பார்த்தோம், உன் அப்பா சலவைச் சட்டை போட்டுக்கொண்டு வந்தார். திரையில் அவர் முகத்தில் கரி, தலையில் கோழி இறகு. நம் பக்கத்து வீட்டுக் குப்பம்மா உலக்கையைத் தூக்கிக்கொண்டு ஆடுகிறாள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த குப்பம்மாவே, "ஒலக்கைய தூக்கிக்கினு எவடி ஆடுவா, சாமைய யாரு குத்துறது?" என்று என் காதில் கேட்டாள். பட்டணத்திலிருந்து வந்த கதாநாயகனைப் பார்த்து மலைப்பெண் காரணமே இல்லாமல் சிரிக்கிறாள், மண்ணில் புரள்கிறாள், கடைசியில் அவனுக்கு வரும் குண்டைத் தான் வாங்கிச் சாகிறாள். நான் பாவாடை கட்டிய வயதிலிருந்து அவள் இப்படியேதான் செத்துக்கொண்டிருக்கிறாள். ஒரு படத்திலாவது மலைப்பெண் பஸ்சுக்குக் காத்திருந்து, பரீட்சை எழுதி, ஊர் திரும்பி நான் பார்த்ததில்லை. நீயும் நானும் வேறென்ன செய்தோம்?

ஷூட்டிங் நடந்த அன்றைக்கு நான் அங்கேதான் நின்றேன். கரி பூச வந்தபோது உன் அப்பா மறுக்கவில்லை. நம் ஊர்க் கூத்தில் அரக்கன் வேஷம் கட்டினவன் ஆட்டம் முடிந்ததும் முன்னால் வந்து கும்பிட்டு, தான் இன்னார், இன்ன ஊர் என்று சொல்லிவிட்டுத்தானே வேஷம் கலைப்பான், சினிமாவிலும் அப்படித்தான் என்று நினைத்துவிட்டார். கேமராவுக்குப் பக்கத்தில் நின்றவர், "எதையாவது பேசுங்கண்ணே, வாய் அசைஞ்சா போதும்" என்றதும், இதுதான் அந்த இடம் என்று கையைக் கூப்பிக்கொண்டு பேசினார். படத்தில் அந்த வாய்க்கு வேறு யாருடைய குரலையோ வைத்து, மலை ஆத்தா ரத்தம் கேக்குறா, பட்டணத்தான் தலைய கொண்டு வாங்கடா என்று கத்த வைத்திருக்கிறீர்கள். கொட்டகையே சிரித்தது. உன் அப்பா என் பக்கம் திரும்பி மெதுவாக, "இது நான் சொன்னது இல்லியே" என்றார்.

படம் முடிந்தும் நாங்கள் எழுந்திருக்கவில்லை, உன் பெயருக்காக உட்கார்ந்திருந்தோம். வசன உதவி என்று போட்டு உன் பெயர் வந்தது, குப்பம்மா கை தட்டினாள். தட்டத்தான் என் கையும் எழுந்தது, பாதியில் நின்றுவிட்டது. கேட்காமல் இருக்க முடியவில்லை புவனா, அந்த வசனத்தை எழுதியது நீயா? இல்லை என்றாலும், எழுதும்போது நீ அந்த அறையில் இருந்தாயா?

இரண்டாம் பாகத்துக்கு அப்பாவையும் இன்னும் இருபது பேரையும் தயார் செய்யச் சொல்கிறாய், செய்தால் உனக்குப் பெரிய வேலை கிடைக்கும் என்கிறாய். அவரிடம் சொன்னேன். கோபப்படுவார் என்றுதான் சொன்னேன், கோபப்பட்டிருக்கலாம். "புள்ள கேட்டுட்டா. போய் நின்னுட்டு வர்றேன். றெக்கதானே, தலைல இருந்துட்டுப் போவுது" என்றார். அதற்கு மேல் எனக்கு வழி தெரியவில்லை. வேண்டாம் என்று சொன்னால் உன் பிழைப்பு போகும், சரி என்றால் அவர் இனி மலையை விட்டு இறங்கவே மாட்டார். அதனால் மறுக்க வேண்டியவள் நீதான். அவர் உனக்கு மறுக்க மாட்டார்.

உனக்கு ஒரு குறையும் வராமல் இருக்கட்டும், மனசு கெடாமல் இருக்கட்டும். தலைக்கு எண்ணெய் வை, தனியாக வெகுநேரம் விழித்திருக்காதே. ஒன்று மட்டும் மறக்காமல் செய். அந்தக் காட்சியைச் சத்தத்தை நிறுத்திவிட்டுப் பார், அப்பாவின் வாயை மட்டும் பார். அன்றைக்கு அங்கே நின்று நான் காதால் கேட்டதை அப்படியே எழுதுகிறேன், பொருந்துகிறதா என்று நீயே சொல். "என் பேரு ரங்கன். எங்க ஊருக்கு ஒரு பஸ்சு விடுங்க. எம்பொண்ணு புவனா மெட்ராஸ்ல சினிமாவுல கீது. அது வந்து போறதுக்கு."

உன் அம்மா,
ரேணுகாதேவி