உள்ளேயே வைத்துப் பூட்டிய திட்டம்

என் வீட்டுக்காரிக்கு,

நான் நலம். உன் முழங்கால் வலி குறைந்ததா? மாத்திரையை மறக்காதே. படித்துவிட்டுப் பதறாதே, கோபத்தைத் தவிர எனக்கு ஒரு குறையும் இல்லை.

நான் கணினிகள் விற்ற பள்ளியில் திங்களன்று, கோப்புகளை இணையத்தில் சேமித்து வைக்கும் கிளவுட் சேவை படுத்துவிட்டது. கடைசி வகுப்புப் பிள்ளைகளின் மதிப்பெண்கள் எல்லாம் அதில்தான். வெள்ளிக்குள் கல்லூரிகளுக்கு அனுப்பாவிட்டால் அவர்களுக்கு இடம் கிடைக்காது.

"இப்படி ஆனா என்ன செய்யணும்னு ஒரு திட்டம் போட்டீங்களே, எங்கே?" என்று தலைமையாசிரியரைக் கேட்டேன்.

"அதுவும் கிளவுட்லதான் இருக்கு, அண்ணே."

"கிளவுட் கம்பெனியில யாரைக் கூப்பிடணும்? நம்பராவது இருக்கா?"

"அந்தத் திட்டத்துலதான் இருக்கு."

எனக்கு வந்ததே ஆத்திரம்! அச்செடுத்து அலமாரியில் வைக்கச் சொன்னபோது, "இந்தக் காலத்துல யாரு அண்ணே பேப்பர் வைக்கிறா?" என்று சிரித்த மனிதர் அவர். என் கடையின் பழைய பில் கட்டைக் கிளறித்தான் அந்தக் கம்பெனியின் எண்ணைப் பிடித்தேன். புதனன்று மதிப்பெண்கள் திரும்பின. ஆனால் கடைசியாக நகல் எடுத்தே இரண்டு வாரம் ஆகியிருந்ததாம்; அதற்குப் பிறகு பதிந்தவை போய்விட்டன. அந்த இரண்டு வாரத் தேர்வுகளைப் பிள்ளைகள் வியாழனன்று மறுபடி எழுதியதால்தான் வெள்ளிக்குள் அனுப்ப முடிந்தது. பெரியவர்களின் மடத்தனத்துக்குத் தண்டனை அவர்களுக்கு!

கத்திய வேகத்தில் என் செல்போன் விழுந்து செத்தது. கடை போனில் உன்னைக் கூப்பிடப் போனால், உன் எண் எனக்குத் தெரியவில்லை. பதினோரு வருடமாகச் செல்போனில் உன் பெயரை மட்டும்தான் தொட்டிருக்கிறேன்.

உன் எண்ணையும் நம் பிள்ளைகளின் எண்களையும் உன் கையாலேயே இரண்டு தாளில் எழுதி அனுப்பு. ஒன்று கடை அலமாரிக்கு, ஒன்று என் சட்டைப் பைக்கு.

கடை திறக்க நேரமாகிவிட்டது.

உன் வீட்டுக்காரன்