கண்ணாடி அலுமாரி விளையாட்டுச் சாமான்கள்

2025 மே 6, செவ்வாய்

இன்று முன்பள்ளிக்குப் பதினாறு பிள்ளைகளும் வந்தார்கள். சனிக்கிழமை நெல்லியடியில் வாங்கிய சாமானைக் கொண்டுபோய் நடுவில் வைத்தேன். பொத்தானை அமத்தினால் ஏ, பி, சி என்று பாடும், சிவப்பும் பச்சையுமாக மின்னும். கடைக்காரர் ‘அறிவு வளரும் ரீச்சர்’ என்று சொல்லித் தந்தது.

பத்து நிமிடம் அதற்காக அடிபட்டார்கள். பதினைந்தாவது நிமிடம் அது மூலையில் தனியாகப் பாடிக்கொண்டு கிடந்தது. எல்லாரும் அது வந்த மட்டைப்பெட்டிக்குள் ஏறிவிட்டார்கள். பெட்டிதான் யாழ்ப்பாணம் போகிற 750ஆம் நம்பர் பஸ். இரண்டு சாரதி, ஒரு கொண்டக்டர். “உள்ளுக்குப் போங்கோ, உள்ளுக்குப் போங்கோ” என்று ஒரே சத்தம். வீட்டுக்குப் போகும்வரை பஸ் ஓடியது.

சாமானே எல்லாவற்றையும் செய்துவிட்டால் பிள்ளைக்கு என்ன வேலை மிச்சம்? இதை இரண்டு வருடம் டிப்ளோமாவில் படித்தவள் நான். கடையில் லைற்றைக் கண்டதும் எல்லாம் பறந்துவிட்டது. கஜந்தினி, உனக்கு வெட்கமாக இல்லையா?

மே 9, வெள்ளி

பெற்றோர் கூட்டம். தனோஜனின் அம்மா சிவகௌரி ஒரு கொப்பியோடு வந்தார். மெயின் ரோட்டில் இருக்கும் முன்பள்ளியில் படிக்கிற பிள்ளையின் கொப்பி. ஒன்றிலிருந்து நூறு வரை, வரிவரியாக, பக்கத்துக்குப் பக்கம் சிவப்பு மையில் சரி போட்டிருந்தது. அதைக் கைக்குக் கை கொடுத்தார்கள். ஒவ்வொரு தாயும் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தது.

“ரீச்சர், விளையாடுறதுக்கு வீட்டு முற்றம் காணும். இஞ்சை அனுப்புறது படிக்கத்தானே” என்றார் சிவகௌரி. பலர் தலையாட்டினார்கள்.

நான் விளங்கப்படுத்தினேன். நாலு வயதில் விரல் பென்சிலுக்கு இன்னும் தயாரில்லை, அடுக்கவும் ஊற்றவும் கிள்ளவும் செய்யும்போதுதான் அந்தப் பலம் வருகிறது என்று. கேட்டார்கள். நம்பினார்களா என்றால் இல்லை.

பிறகு தம்பிஐயா அண்ணை எழும்பினார். முன்பள்ளியை நடத்துகிற சனசமூக நிலையத்தின் தலைவர் அவர். நிர்வாக சபை முடிவெடுத்துவிட்டதாம். செப்டெம்பர் முதலாம் திகதி வரவு இடாப்பில் பன்னிரண்டு பிள்ளைகளுக்குக் குறைவாக இருந்தால் முன்பள்ளியை மூடுவது, இருக்கிற பிள்ளைகளை மெயின் ரோட்டுக்கு அனுப்புவது. கோபப்படாமல், அறிவித்தல் வாசிக்கிற மாதிரிச் சொல்லிவிட்டுக் கதிரையில் இருந்தார்.

மே 10, சனி

பிள்ளைகளுக்குக் கொப்பி கொடுக்கப் போவதில்லை. எழுதி வைக்கிறேன், பிறகு பயம் வந்தால் எடுத்துப் பார்க்க.

மே 14, புதன்

தம்பிஐயா அண்ணையிடம் அலுமாரித் திறப்பைக் கேட்டேன். தரவில்லை.

வடக்குச் சுவரோடு நிற்கிற கண்ணாடி அலுமாரி அது. மூன்று வருடத்துக்கு முதல் ரொறொன்ரோவிலிருந்து அருட்செல்வன் என்பவர் தன் தாயார் கமலாவதியின் நினைவாகப் பெட்டி பெட்டியாக விளையாட்டுச் சாமான்கள் அனுப்பினார். மரத்தால் செய்த ரெயில், இருநூறு கட்டைகள், வைத்தியர் பெட்டி, பொம்மைகள். எல்லாம் உள்ளே இருக்கின்றன, பொலித்தீன்கூடக் கழற்றாமல். பூட்டும் போட்டிருக்கிறது, திறப்பு அவரிடம்தான். வெள்ளிக்கிழமைகளில் தம்பிஐயா அண்ணை தானே வந்து கண்ணாடியைத் துடைத்துவிட்டுப் போவார்.

“பிள்ளையள் உடைச்சுப்போட்டா, அவர் வந்து கேக்கேக்கை நான் என்ன மறுமொழி சொல்லுறது, தங்கச்சி?”

அவரை மட்டும் சொல்லிக் குற்றமில்லை. வெளிநாட்டிலிருந்து வந்தது எந்த வீட்டில்தான் ஷோகேசுக்குள் போகாமல் தப்பியது? எங்கள் வீட்டிலேயே என் அண்ணையின் மகளுக்கு வந்த பொம்மை இன்னும் பெட்டிக்குள் நிற்கிறது. அவள் இந்த வருடம் ஓ.எல். சோதனை எடுக்கிறாள்.

திறப்பு இல்லாவிட்டால் என்ன. வேறு வழி பார்க்கிறேன்.

மே 19, திங்கள்

சந்தியோகு அண்ணையின் தச்சுப் பட்டறைக்குப் போனேன். கதவு, யன்னல் செய்து மிஞ்சிய துண்டுகளைக் கேட்டேன். அடுப்புக்கோ என்றார். இல்லை, அளவாக வெட்டித் தரவேண்டும் என்றேன். இரண்டு சின்னது சேர்ந்தால் ஒரு நடுத்தரம், நாலு சின்னது சேர்ந்தால் ஒரு நீளம். நூல் பிசகக்கூடாது. “ஆர் வீடு கட்டினம்?” என்று கேட்டுச் சிரித்தார். மூலையெல்லாம் மழுக்கவேணும் என்றதும் சிரிப்பு நின்றுவிட்டது, கொஞ்ச நேரம் புறுபுறுத்தார். ஆனால் செய்தார். ஒவ்வொன்றையும் தன் கன்னத்தில் தேய்த்துப் பார்த்துவிட்டுத்தான் உரப்பைக்குள் போட்டார்.

வாயில் வைப்பார்கள், ஆகவே வர்ணம் பூசவில்லை. நானும் உதவி ஆசிரியை கோபிகாவும் இருந்து இன்னொருமுறை மண்கடதாசி போட்டுத் தேய்ப்பதாக முடிவு.

மே 26, திங்கள்

உரப்பையைக் கொட்டினேன். எப்படி விளையாடுவது என்று ஒன்றும் சொல்லவில்லை. அதுதான் எனக்குக் கஷ்டமான பகுதி, வாய் சும்மா இராது.

முதலில் சும்மா அடுக்கி விழுத்தினார்கள். பிறகு இறங்குதுறை வந்தது. பிறகு படகு, ஐஸ் பெட்டி, ஆட்களை ஏற்ற வான் வண்டி. நீளக் கட்டை முடிந்துவிட்டது. யதுர்சிகா நாலு சின்னதைப் பொறுக்கி அந்த இடைவெளியில் வைத்தாள். சரியாகப் பொருந்தியது. எடுத்துவிட்டு நடுத்தரம் இரண்டை வைத்தாள். அதுவும் பொருந்தியது. திரும்பி என்னைப் பார்த்தாள். ஜனவரியிலிருந்து என்னோடு பத்துச் சொல் கதைத்திருக்கமாட்டாள் அந்தப் பிள்ளை. “ரெண்டும் சரி” என்றாள்.

நாற்பது நிமிடம். மணிக்கூட்டைப் பார்த்துத்தான் எழுதுகிறேன்.

ஜூன் 12, வியாழன்

தனோஜனை எடுத்துவிட்டார்கள். அவனோடு இன்னும் இரண்டு பேர். பதின்மூன்று.

சிவகௌரி மரியாதையாகத்தான் சொல்லிவிட்டுப் போனார். பிழையாக நினைக்கவேண்டாம், பிள்ளையின் எதிர்காலம் என்றார். அவருக்கும் பயம்தான், எனக்குத் தெரியாதா? தனோஜன் கேற்றைப் பிடித்துக்கொண்டு அழுதான். தாய் விரல் விரலாகக் கழற்றி எடுத்தது.

நான் செய்யிறது சரியோ? ஒரு கொப்பியைக் குடுத்திருந்தா அவன் இஞ்சை நிண்டிருப்பான். ஒரே ஒரு கொப்பி. ஆருக்காக இந்தப் பிடிவாதம் — பிள்ளையளுக்கோ, எனக்கோ?

ஜூன் 13, வெள்ளி

பிள்ளைகளுக்குத்தான். இரவு யோசித்துப் பார்த்தேன். கொப்பி இல்லை.

ஜூன் 25, புதன்

இந்த மாதம் பார்த்த சாமான்களில் நிற்பது எது, கழிப்பது எது.

தண்ணீர் நிற்கும். ஒரு பெரிய பேசின், ஐந்து விதமான போத்தல், ஒரு புனல். எது கூடப் பிடிக்கும் என்று சண்டை, பிறகு ஊற்றிப் பார்த்துத் தீர்ப்பு. சட்டை நனைகிறது என்று இரண்டு தாய்மார் முறைப்பாடு. மாற்றுச் சட்டை ஒன்று கொடுத்துவிடுங்கோ என்றேன், தண்ணீரை நிற்பாட்டமாட்டேன். புளியங்கொட்டை கழிகிறது. கோபிகாவின் அண்ணையின் மகன் ஒன்றை மூக்குக்குள் விட்டு ஆசுப்பத்திரிவரை போய்விட்டு வந்தான். மூக்குக்குள் போகாத அளவாக இருக்கவேண்டும் என்று எந்தப் புத்தகத்தில் முதல் வரியாக எழுதியிருக்கிறது? இனி என் கொப்பியில் அதுதான் முதல் வரி. பதிலுக்கு யதுர்சிகாவின் அப்பா றஜிந்தன் வலையில் கழித்த மிதவைகள் ஒரு கூடை கொண்டுவந்து தந்தார். கோர்க்கலாம், உருட்டலாம், எண்ணலாம். மூன்று தரம் சவர்க்காரம் போட்டும் மீன் மணம் போகவில்லை. பிள்ளைகளுக்கு அது ஒரு பொருட்டே இல்லை.

பாடுகிற சாமானின் பற்றரி செத்துவிட்டது. ஒருவரும் தேடவில்லை.

ஜூலை 8, செவ்வாய்

பதினொன்று.

பன்னிரண்டுக்குக் கீழே வந்தாயிற்று. பிள்ளையை எடுத்த ஐந்து பேரின் வீடுகளுக்கும் சைக்கிளில் போய்வந்தேன். தேத்தண்ணி தந்தார்கள். ஒருவரும் பிள்ளையைத் தரவில்லை.

கோபிகா இன்றைக்குத்தான் சொன்னாள், தம்பிஐயா அண்ணையின் பேத்தி ஜனவரியிலிருந்து மெயின் ரோட்டில் படிக்கிறாளாம். தலைவர்! எங்கடை பள்ளிக்கூடத்துக்குத் தலைவர், பேத்தி அங்கை! கூட்டத்திலை என்னட்டைப் பன்னிரண்டு கேட்ட மனுசன்! எனக்கு வந்த ஆத்திரத்துக்கு நேரே போய்க் கேட்டிருப்பன். கோபிகா சைக்கிளைப் பிடிச்சுப்போட்டாள்.

ஜூலை 30, புதன்

அருட்செல்வன் நல்லூர்த் திருவிழாவுக்கு வந்திருக்கிறார். செவ்வாய்க்கிழமை இங்கே வருகிறார். தம்பிஐயா அண்ணை இன்று இரண்டு தரம் வந்து போனார். சாமான்களை எடுத்துப் பாயில் அழகாகப் பரப்பவேண்டும், பிள்ளைகள் வெள்ளைச் சட்டையோடு சுற்றி இருக்கவேண்டும், படம் எடுக்கும்வரை தொடவேண்டாம் என்று சொல்லி வைக்கவேண்டும்.

ஓம் என்றேன். சொல்லப் போவதில்லை. அலுமாரி திறந்தால் போதும், மிச்சத்தைப் பிள்ளைகள் பார்த்துக்கொள்வார்கள். பாய்ந்து விழுவார்கள். அந்த மனிதர் கண்ணால் பார்க்கட்டும்.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. நடந்தபடி எழுதுகிறேன்.

ஒன்பதரைக்கு வந்தார். பட்டு வேட்டி, பக்கத்தில் மனைவி. சாமான்கள் பாயில் இருந்தன. படம் எடுத்தார்கள். பிறகு அவர் பிள்ளைகளைப் பார்த்து, இனி விளையாடுங்கோ என்றார்.

ஒருவரும் அசையவில்லை. பதினொரு பேரும் கை கட்டிக்கொண்டு இருந்தார்கள். அவர் ரெயிலை எடுத்து நீட்டினார். முன்னுக்கு இருந்த பையன் பின்னுக்கு நகர்ந்தான். நானும் சொன்னேன், விளையாடுங்கோ செல்லங்கள் என்று. என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

யதுர்சிகாதான் சொன்னாள். “ரீச்சர், அது பாக்கிற சாமான்.”

அந்தச் சொல் யாருடையது? என்னுடையது. நான் இங்கே வந்த நாளிலிருந்து, கண்ணாடியில் யார் கை வைத்தாலும், பாக்கிற சாமான், தொடக்கூடாது. ஒரு நாளைக்கு எத்தனை தரம் சொல்லியிருப்பேன்? தம்பிஐயா அண்ணை பூட்டினது அலுமாரியைத்தான். பிள்ளைகளின் கையைக் கட்டி வைத்தது நான். மூன்று மாதமாக விளையாட்டு விளையாட்டு என்று ஊரோடு சண்டை பிடித்தவள்.

அருட்செல்வன் என்னைப் பார்த்தார், பிள்ளைகளுக்குப் பிடிக்கவில்லையா என்று. தம்பிஐயா அண்ணை ஏதோ சொல்ல வாயெடுத்தார். நான் முந்திவிட்டேன்.

“மூண்டு வருசமா ஒரு பிள்ளையும் தொடேல்லை. அலுமாரி பூட்டித்தான் கிடந்தது. தொடக்கூடாதெண்டு சொல்லிக் குடுத்தது நான்தான்.”

தம்பிஐயா அண்ணையின் முகத்தை நான் பார்க்கவில்லை, பார்க்க முடியவில்லை. அருட்செல்வன் கையிலிருந்த ரெயிலைக் கீழே வைத்தார். பிறகு அந்தப் பட்டு வேட்டியோடு சீமெந்து நிலத்தில் குந்தி இருந்து, ஒரு பெட்டியின் பொலித்தீனைப் பல்லால் கிழித்தார். தண்டவாளத் துண்டுகளை ஒவ்வொன்றாகப் பொருத்தினார். யாரையும் கூப்பிடவில்லை. பிழையாகப் பொருத்தினார், தண்டவாளம் சுவரில் போய் முட்டியது.

அதைப் பொறுக்க முடியாமல் யதுர்சிகா எழும்பினாள். எங்கள் உரப்பையை இழுத்துக்கொண்டு வந்து, சந்தியோகு அண்ணையின் கட்டைகளால் ரெயிலுக்கு ஒரு ஸ்ரேசன் கட்டினாள். பிறகு ஒவ்வொருவராக வந்தார்கள். ஒரு மணித்தியாலம் போனது. படம் எடுக்க வந்தவர் அதற்குள் போய்விட்டார். தம்பிஐயா அண்ணை வாசலில் நின்றபடியே நின்றார்.

ஆகஸ்ட் 6, புதன்

அலுமாரி பூட்டாமல் இருக்கிறது. தம்பிஐயா அண்ணை வரவில்லை.

ஆகஸ்ட் 21, வியாழன்

இன்னும் பதினொன்று. சிவகௌரி கடையடியில் கண்டு சிரித்தார், பிள்ளையைப் பற்றி ஒன்றும் கதைக்கவில்லை.

வெளிநாட்டுச் சாமான்களையும் ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு வருகிறேன், வெளியிலிருந்து வந்தது என்பதற்காக மட்டும் ஒன்றும் நிற்காது. வைத்தியர் பெட்டி முதலாம் இடம். ஊசி போட்டுவிட்டு ‘நோகாது, நோகாது’ என்று ஆறுதல் சொல்கிறார்கள், அதற்குள் எவ்வளவு கதை. பனிமனிதன் படப்புதிரை ‘ஐஸ்கிறீம் ஆள்’ என்று பெயர் வைத்து மூன்று நாள் சேர்த்தார்கள், இனி ஒருவருக்கும் வேண்டாம். ரெயில் பெட்டியின் சில்லு ஒன்று கழன்றுவிட்டது. ‘தொடக்கூடாது’ என்று வாய்வரை வந்தது, பழக்கம்தான். பசை போட்டு ஒட்டினோம்.

மூடினால் எங்கள் வீட்டு விறாந்தையில் நடத்துவேன். அம்மாவிடம் சொல்லிவிட்டேன். பதினொரு பேர் தாராளமாக இருக்கலாம்.

செப்டெம்பர் 1, திங்கள்

பத்து மணிக்குத் தலைவர் வந்து இடாப்பைப் பார்த்துக் கையெழுத்து வைக்கவேண்டும். ஒன்பது மணிக்கே வந்துவிட்டார். மோட்டார் சைக்கிளில் முன்னுக்கு ஒரு சின்னப் பெண் பிள்ளை. முதுகில் பாரமான புத்தகப் பை.

அருட்செல்வன் வந்த அன்றைக்குப் பிறகு நாங்கள் கதைத்ததில்லை. என்ன சொல்லப் போகிறாரோ என்று நின்றேன். அவர் பிள்ளையைத் தூக்கி இறக்கிவிட்டார்.

“என்ரை பேத்தி. ஒண்டிலையிருந்து நூறு மட்டும் எழுதுவாள், பாக்காமல் எழுதுவாள்.” பிள்ளையின் பை வாரைச் சரிசெய்தார். “நேற்றுக் கடற்கரைக்குக் கூட்டிக்கொண்டு போனனான். மண்ணிலை விட்டுப்போட்டு, விளையாடு எண்டன். என்ன செய்யவேணும் தாத்தா எண்டு என்னைக் கேக்கிறாள், தங்கச்சி.”

 ஜூலையில் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்க் கேட்க நினைத்ததை இனிக் கேட்கத் தேவையில்லை. இடாப்பை எடுத்துப் பன்னிரண்டாவது பெயராக எழுதினேன்: அருந்ததி. அவர் கீழே கையெழுத்து வைத்துவிட்டு, திரும்பிப் பார்க்காமல் போனார்.

அருந்ததி பையைக் கழற்றாமல், கை கட்டிக்கொண்டு வெகுநேரம் இருந்தாள். நான் கூப்பிடவில்லை, கோபிகாவையும் கூப்பிடவேண்டாம் என்றேன். பதினொரு மணிபோல யதுர்சிகா வந்து ஒரு கட்டையை அவளுடைய மடியில் வைத்துவிட்டுத் தன் வேலைக்குப் போய்விட்டாள். அருந்ததி என்னைப் பார்த்தாள். நான் வேறு பக்கம் பார்த்தேன். வீட்டுக்குப் போக மணி அடிக்கும்வரை அவள் அந்தக் கட்டையைக் கீழே வைக்கவில்லை.