இரண்டு மணிக்கு யன்னல் பூட்டியிருக்க வேண்டும்

24 யூலை 2006, திங்கள்

மகன் வின்சன்டின் மூத்தவனுக்குக் கனடாவில் வங்கி வேலை. இளையவள் தாதிச் சோதனையில் திருகோணமலைக்கே முதலாவது. மகள் மரியம்மாவின் பிள்ளை ஜெனிற்றா கொழும்புப் பக்கம் மொறட்டுவைக் கம்பசில் கட்டடக்கலை, கடைசி வருடம். ஐந்தாம் வகுப்போடு நின்ற நான் இதையெல்லாம் எழுதிவைக்காமல் வேறு யார் எழுதுவது?

ஜெனிற்றாவின் ஆராய்ச்சி என் வீட்டு யன்னல்களில்தான். ஒல்லாந்தர் காலத்து வீடு. சுவர் ஒரு முழத் தடிப்பு, ஆனால் யன்னல் இடுக்கெல்லாம் வெக்கை நுழையும். பழைய மரத்தை மாற்றாமலே அதை நிறுத்தினால் மின்சாரம் மிச்சம் என்கிறாள். மரவேலை செய்யும் ஸெய்னுதீன் ஓடாவி ஏழு யன்னலுக்கும் றப்பர் பட்டி அடித்து, உள்பக்கம் இரண்டாவது கண்ணாடியும் போட்டுவிட்டார்.

"ஆச்சி, பேத்தி உங்களைப் போத்தலுக்குள்ள போட்டு மூடிட்டா. இனி ஊறுகாய்தான்" என்று சிரித்தார்.

காலை எட்டுக்குப் பூட்டவேண்டும். பிற்பகல் இரண்டுக்கு உள்ளும் வெளியும் வெப்பமானி பார்த்து எழுதவேண்டும். இருபத்தொரு நாள். இன்று வெளியே 35, உள்ளே 30. காற்றாடி போடவே இல்லை!

27 யூலை

வெளியே 36, உள்ளே 30. மூதூர்ப் பக்கம் இடிபோலச் சத்தம். இடி இல்லை.

29 யூலை, சனி

வெடிச்சத்தம் கேட்டால் எங்கள் தெருவில் முதல் வேலை யன்னலைத் திறந்து கொக்கியில் கொளுவுவது. திறந்த யன்னல் அதிர்ந்தாலும் தாங்கும். பூட்டிய கண்ணாடி சில்லுச் சில்லாய் முகத்துக்கு வரும். இன்று எல்லா வீட்டிலும் திறந்தார்கள். நான் மட்டும் பூட்டிக்கொண்டு குசினி அடுப்பு மூலையில். இப்போது கண்ணாடியும் இரட்டை. சில்லும் இரட்டைதானே?

பின்னேரம் ஜெனிற்றா டெலிபோனில்:

"ஒரு நாள் விட்டாலும் கணக்குப் பிழைச்சிடும் அம்மம்மா. ஏலாதெண்டால் சொல்லுங்கோ, நானே பஸ் ஏறி வாறன்."

"வேண்டாம்! எனக்கு ஏலும். நல்லா ஏலும்."

அவள் வரவேண்டிய கந்தளாய் ரோட்டில் பஸ்ஸிலிருந்து ஆட்களைச் சோதனைக்கென்று இறக்குகிறார்கள். இறக்கியவர்கள் எல்லாரும் திரும்ப ஏறுவதில்லை. இதை அவளிடம் எப்படி டெலிபோனில் சொல்லுவது?

1 ஓகஸ்ட்

வெளியே 35, உள்ளே 30.

2 ஓகஸ்ட், புதன்

ஒன்றரை மணிக்கு ஷெல். துறைமுகப் பக்கம். வீடே குலுங்கியது. யேசுவே — இரண்டாவது விழ, எப்பிடி எழும்பினேன் எண்டு தெரியேல்லை. ஏழு யன்னலையும் திறந்து கொளுவிப்போட்டு மேசைக்குக் கீழ கிடக்கிறன். பிறகுதான் ஞாபகம். ஐயோ, பிள்ளையின்ர கணக்கு!

இரண்டு மணிக்கு நாலு காலில் தவழ்ந்து போய்ப் பார்த்தேன். வெளியே 35. உள்ளே 34.

கண்ணாடி ஒன்றும் உடையவில்லை.

உள்ளே 30 என்று எழுதினேன். யாருக்குத் தெரியப்போகிறது? அவள் பஸ் ஏறமாட்டாள், உயிரோடு இருப்பாள். பிறகு அதை வெட்டினேன். அவள் பெயர் போட்டு வரப்போகிற புத்தகம். அதற்குள் என் பொய் இருக்கலாமா? உண்மையைச் சொன்னால் வந்துவிடுவாளே. மாதாவே, நான் என்ன செய்ய?

3 ஓகஸ்ட்

டெலிபோன் செத்துக் கிடக்கிறது. எனக்கு அது ஆறுதல். எவ்வளவு கெட்ட மனம்!

5 ஓகஸ்ட், சனி

காலையில் லைன் வந்தது. ஒரே மூச்சில் சொன்னேன்.

"புதன்கிழமை யன்னலைத் திறந்திட்டன் பிள்ளை. உள்ளுக்கு முப்பத்திநாலு."

அவள் கத்தினாள்: "ஷெல் விழேக்க எழும்பிப் போய் மானி பாத்தனீங்களோ? உங்களுக்கென்ன விசரோ?"

"ஓம், விசர்தான். நீ வராதை."

பின்னேரம் திரும்ப எடுத்தாள். றப்பர் அடிக்கும் முன் வீடு எவ்வளவு சூடு என்று அளக்க மறந்துவிட்டாளாம், ஒப்பிட ஒன்றும் இல்லையாம். படிப்பிக்கிற சேரிடம் ஏச்சும் வாங்கினாளாம். யன்னலைத் திறந்துவைத்து அளக்க இந்த மாதமே வர இருந்தாளாம் — எனக்கு ஒரு சொல்லும் சொல்லாமல்!

"உங்கட முப்பத்திநாலைச் சேருக்குக் காட்டினனான். முழுக்கச் சரியில்லை, ஆனா இருக்கிற நாளின்ர கணக்கோட இது போதும் எண்டார். இனி அளக்காதேங்கோ அம்மம்மா. எல்லா யன்னலையும் திறந்து விடுங்கோ."

"அப்ப நீ வரமாட்டாய்?"

"வரத் தேவையில்லை."

கடவுளே, நன்றி. டெலிபோனை வைத்துவிட்டு ஏன் அழுதேன்?

12 ஓகஸ்ட், சனி

யன்னல் ஏழும் திறந்து கிடக்கின்றன. காற்றாடி ஓடியும் வேர்க்கிறது. காலையிலிருந்து மூன்றுதரம் சத்தம்.

ஜெனிற்றாவுக்குக் கடிதம் எழுதி ஒட்டிவிட்டேன். கிறிஸ்மசுக்கும் வரவேண்டாம், நான் சொல்லும்வரை இந்தப் பக்கமே வேண்டாம் என்று எழுதினேன். கீழே கொஞ்சம் இடம் மிஞ்சியது. உன்னுடைய புதுப் படம் ஒன்று எடுத்துத் தபாலில் போடு பிள்ளை, முகம் கொஞ்சம் பெரிதாகத் தெரியட்டும் என்று அதில் எழுதினேன்.