மண் தாத்தா எந்தப் பக்கம்?

மார்ச் 3, திங்கள்

பள்ளி மண்டபத்தில் ரயில்வே அலுவலகத்தின் விளக்கக் கூட்டம். ஹுவாலியனிலிருந்து தைதுங் வரை ஒற்றைத் தண்டவாளத்தை இரட்டையாக்கும் அரசுத் திட்டம் கடைசியில் எங்கள் ஊரையும் எட்டிவிட்டது. பாதிப் பேர் சாப்பாட்டுப் பெட்டிக்காக வந்தவர்கள். பெட்டி கைக்கு வந்ததும் கிளம்பிவிட்டார்கள். நான் கடைசி வரை இருந்தேன். ஒரு கேள்வி வைத்திருந்தேன்: எதிர் ரயிலுக்காகக் காத்து நிற்பது ஒழிந்தால் எத்தனை வண்டிகள் கூடும்? தைபேயிலிருந்து விடுமுறைக்கு வரும் என் மகளுக்கு உட்கார இடம் கிடைக்குமா? கேட்கவில்லை. கை பாதி உயர்ந்தது, தலையைச் சொறிந்துகொண்டு இறக்கிவிட்டேன்.

வரைபடத்தில் புதுத் தண்டவாளம் மலைப் பக்கம் போகிறது. அங்கே வழியில் இருப்பது ஒன்றே ஒன்று, ஊரின் நிலக்காவல் சாமியான மண் தாத்தாவின் கோவில். இடுப்பளவு உயரம். அது நகர வேண்டும். நகராவிட்டால் தண்டவாளம் கடல் பக்கம் போகும். கடல் பக்கம், ரயில்வே கேட்டை ஒட்டிக் கிம்-தோவின் காலை உணவுக்கடை. மாடியில் அவள் வீடு. புருஷன் போனபின் அவளுக்கு இருப்பதெல்லாம் அதுதான்.

"நகர்றதா இல்லையான்னு யாரு முடிவு பண்றது?" என்றார் ஊர்த்தலைவர் ஜியான்.

பொறியாளர் பான் முப்பது வயதுப் பெண். கொஞ்சமும் சிரிக்காமல் சொன்னாள்: "தாத்தாதான். நீங்க அவர்கிட்ட கேட்டுச் சொல்லுங்க. இந்த மாசக் கடைசிக்குள்ள சொல்லிடணும், அப்புறம் வரைபடம் மேல போயிடும்."

எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். போன சனிக்கிழமைதான் தாத்தாவின் பிறந்தநாள். வழக்கப்படி கட்டை போட்டுப் பார்த்ததில் இந்த ஆண்டுக் கோவில் பொறுப்பு என் பெயருக்கு விழுந்திருந்தது. வாழ்நாளெல்லாம் கணக்கு வாத்தியார். சாமியிடம் எப்படிப் பேசுவதென்று எனக்கு என்ன தெரியும்?

மார்ச் 5, புதன்

வீட்டில் கட்டைகளை வைத்துப் பழகினேன். பிறை வடிவம், ஒரு முகம் தட்டை, ஒரு முகம் உருண்டை. இரண்டையும் போட்டு, ஒன்று தட்டையாகவும் ஒன்று உருண்டையாகவும் விழுந்தால் சம்மதம். இரண்டும் உருண்டை மேலே வந்தால் மறுப்பு. இரண்டும் தட்டை மேலே வந்தால் தாத்தா சிரிக்கிறார். கேள்வி சரியில்லை என்று பொருள். பெரிய விஷயமென்றால் தொடர்ந்து மூன்று சம்மதம் வேண்டும். எட்டில் ஒரு வாய்ப்பு.

எட்டில் ஒன்று! ஒரு பெண்ணின் வீட்டை இதன் மேலா வைப்பது?

ஆனால் இதே கட்டைகளை நம்பித்தானே கிம்-தோ கல்யாணம் செய்துகொண்டாள், கடை திறந்தாள். எனக்கு நம்பிக்கை இருக்கிறதா? தெரியவில்லை. மற்றவர் நம்புகிற கருவியை ஒழுங்காகப் பிடிக்கவாவது வேண்டும். அதனால் எனக்கு நானே விதி வகுத்துக்கொண்டேன். ஒரு நாளில் ஒரே கேள்வி. பதில் வந்த கேள்வியைத் திருப்பிக் கேட்பதில்லை.

மார்ச் 7, வெள்ளி

முதல் கேள்வி என்னைப் பற்றியே. "தாத்தா, இந்த வேலைக்கு நான் ஏற்றவன் இல்லை. விலகிக்கொள்ளட்டுமா?" மறுப்பு. வெளிப்படையான மறுப்பு.

ஜியான் தொடையைத் தட்டிச் சிரித்தார். "ராஜினாமாவைத் திருப்பி அனுப்பிட்டாரு, வாத்தியாரே! போய்ப் பழம் வாங்கிட்டு வாங்க."

மார்ச் 11, செவ்வாய்

பான் ஆரஞ்சுப் பழங்களும் மஞ்சள் தலைக்கவசமுமாக வந்தாள். ஊர் கூடியது. "இரண்டாம் தண்டவாளத்துக்காக நகரச் சம்மதமா?" என்று கேட்டேன்.

சிரிப்பு. கட்டைகள் இரண்டும் தட்டை முகத்தைக் காட்டிக்கொண்டு கிடந்தன.

பான் என்னைத் தனியே கூப்பிட்டாள். "சார், தப்பா நினைக்காதீங்க. மத்த ஊர்கள்ல சம்மதம் வர்ற வரைக்கும் போட்டுக்கிட்டே இருப்பாங்க. சாயங்காலத்துக்குள்ள முடிஞ்சிடும்."

"அப்படின்னா அது கேக்குறதே இல்லையேம்மா."

அவள் தலைக்கவசத்தை மாட்டிக்கொண்டு கிளம்பினாள். கடை வாசலில் கிம்-தோ சொன்னாள், கையில் கரண்டியோடு: "ஏன் வாத்தியாரே, உங்க நேர்மையை என் கல்லுல போட்டு எனக்கே பரிமாறப் போறீங்களா?"

சரிதானே அவள் சொல்வது? என் விதி யாருக்கு? எனக்கா, தாத்தாவுக்கா? ஆனாலும் தாத்தா ஏன் சிரித்தார் என்பதுதான் மனதைக் குடைகிறது. கேள்வியில் என்ன குறை?

மார்ச் 12, புதன்

குறை இதுதான்: எங்கே நகர்வது என்று நாங்கள் சொல்லவே இல்லை. போகும் இடம் சொல்லாமல் கிளம்பச் சொன்னால் நானும் சிரிப்பேன்.

மார்ச் 18, செவ்வாய்

"ஸ்டேஷனின் புது வண்டி நிறுத்துமிடத்துக்குப் பக்கத்தில் வரச் சம்மதமா?" அலுவலகம் வரைபடத்தில் காட்டியிருக்கும் இடம் அது. மறுப்பு.

ஜியான்: "பெட்ரோல் நாத்தம் யாருக்குப் பிடிக்கும்?"

மார்ச் 20, வியாழன்

யாரும் இல்லாத நேரத்தில் கோவில் முன் குத்துக்காலிட்டு உட்கார்ந்தேன், தாத்தாவின் கண் மட்டத்தில். அவர் தினமும் எதைப் பார்க்கிறார் என்று தெரிந்துகொள்ள. தண்டவாளம். சரளைக்கல். மஞ்சள் பூ ஏதோ ஒன்று. தைதுங் வண்டி போனபோது நாற்பது வேகத்தில்கூடக் காது அடைத்தது. போன பின் எதிரே கிம்-தோவின் அடுப்பு, ஆவி, வரிசையில் நிற்கும் ஆட்கள்.

எழுந்திருக்க முடியவில்லை. முழங்கால். கேட் காவலர் வந்து தூக்கிவிட்டார். "என்ன சார், தாத்தாவுக்குப் பதிலா நீங்க உக்காந்துட்டீங்களா?"

மார்ச் 24, திங்கள்

அளவைக்காரர்கள் கிம்-தோவின் கடையோரம் மரமுளை அடித்திருக்கிறார்கள். தலையில் சிவப்பு வண்ணம். "சும்மா முன்னேற்பாடு" என்றாளாம் பான். கிம்-தோ இன்று என்னைக் கேலி செய்யவில்லை. முட்டை ரொட்டியைப் பையில் போட்டுக் கொடுத்தாள், அவ்வளவுதான். கேலி செய்திருக்கலாம்.

மார்ச் 31, திங்கள்

கடைசி நாள். நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

நான் கேட்டது பள்ளிக்குப் பின்னால் உள்ள மேடு. காற்று வரும், நிழல் உண்டு, நானே போய்ப் பார்த்துத் தேர்ந்த இடம். முதல் முறை சம்மதம். இரண்டாம் முறையும் சம்மதம். மூன்றாவது... சிரிப்பு.

முடிந்தது. பான் கோப்பு அட்டையை மூடினாள். நான் கிம்-தோவின் முகத்தைப் பார்க்காமல் கட்டைகளைப் பொறுக்கினேன்.

அப்போது அவள் ஏப்ரனோடு தண்டவாளத்தைத் தாண்டி வந்து தாத்தா முன் மண்டியிட்டாள். கடைக்கு வந்தவரிடம் பேசுகிற அதே குரல். "தாத்தா, நான் கிம்-தோ. எதிர்க்கடை. பெட்ரோல் வாடை வேணாம், மேடும் வேணாம். என் கடை வாசலுக்கு வந்துடுறீங்களா? இப்பவே சொல்லிடுறேன், காலையில நாலு மணிக்கே அடுப்பு பத்தவெப்பேன், தூங்க முடியாது. எண்ணெய்ப் புகையில தாடி கறுத்துடும். அப்புறம் என்னைத் திட்டக் கூடாது."

"தாத்தாவை வேலைக்கு எடுக்குறாப்பா!" என்றார் ஜியான்.

"சம்பளம் உண்டு. தினம் ஒரு டம்ளர் சோயாப்பால்." திரும்பிப் பார்க்காமல் என் பக்கம் கை நீட்டினாள். "கட்டையைக் குடுங்க."

"இன்னிக்குக் கேள்வி முடிஞ்சுபோச்சு, கிம்-தோ." என் வாய்தான் சொன்னது. சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

"அது உங்க கேள்வி. இது என்னோடது."

யோசித்தேன். அதில் தவறு கண்டுபிடிக்க முடியவில்லை. கொடுத்தேன்.

சம்மதம். சம்மதம். மூன்றாவதில் ஒரு கட்டை உருண்டு பானின் காலணியில் முட்டி, ஆடி, நின்றது. உருண்டை மேலே. மற்றது தட்டை. சம்மதம்.

கத்தியவர்களில் நானும் ஒருவன். இந்த வயதில்.

ஏப்ரல் 1, செவ்வாய்

எத்தனை இடம் கேட்டோம்? கேட்டுக்கொண்டே போனால் எங்காவது ஓரிடத்தில் மூன்று சம்மதம் வருவதற்கான வாய்ப்பு எவ்வளவு? காகிதத்தில் போட ஆரம்பித்தேன். பாதியில் வைத்துவிட்டேன். பயம் இல்லை. விடை என்ன வந்தாலும் அது தாத்தா சம்மதித்தாரா என்ற கேள்விக்கு விடை ஆகாது என்று தோன்றியது. ஆகுமா? நாளை யோசிக்கலாம்.

ஏப்ரல் 26, சனி

நல்ல நேரம் பார்த்து மண் தாத்தாவைச் சிவப்புத் துணியில் சுற்றிக் கடல் பக்கம் கொண்டுவந்தோம். கேட் மூடியிருந்தது. சாமியானாலும் காத்திருந்துதான் தாண்ட வேண்டியிருந்தது. கடை வாசலின் இடது மூலை. முளைகளைப் பிடுங்கிக்கொண்டு போய்விட்டார்கள்.

ஜூன் 9, செவ்வாய் (மறு ஆண்டு)

கோவில் பொறுப்பு வேறொருவருக்குப் போய்விட்டது. மலைப் பக்கம் வேலை மும்முரம். தைபேயிலிருந்து மகள் போன மாதம் நின்றுகொண்டேதான் வந்தாள். இன்னும் சில ஆண்டுகள் என்கிறார்கள்.

இன்று காலை கடையில் இருந்தபோது இரண்டு ஆட்கள் அளவு நாடாவோடு வந்தார்கள். வண்டிகள் கூடி, வேகமும் கூடினால் ரயில்வே கேட் கூடாதாம். அதற்குப் பதில் மேம்பாலம். பாலத்தின் கால் இந்தக் கடை இருக்கும் இடத்தில் இறங்குமா, வடக்கே வயலில் இறங்குமா என்று பார்க்க வந்திருக்கிறார்கள். நாடாவைப் பிடித்துக்கொண்டு வாசலின் இடது மூலை வரை வந்த இளையவர் நின்றுவிட்டார்.

"அண்ணே, இங்க தாத்தா இருக்காரு."

மூத்தவர் வந்து பார்த்தார். "இவரா? போன தடவை இவரைக் கேட்டு முடிக்கவே ஒரு மாசம் ஆச்சாம்." இருவரும் கைகூப்பினார்கள். நாடாவைச் சுருட்டினார்கள். "வயல் பக்கமே போட்டுடலாம்." பிறகு உட்கார்ந்து ஆளுக்கு இரண்டு முட்டை ரொட்டி சொன்னார்கள்.

நான் கிண்ணத்தை வைத்துவிட்டேன். கணக்கு வாத்தியார்! ஒரு ஆண்டாக எதிரிலேயே உட்கார்ந்து தின்கிறேன், இது எனக்குத் தோன்றவே இல்லை. அவர் வந்து அமர்ந்த நாளிலிருந்து எந்த வரைபடமும் இந்தக் கடையைத் தொடத் தயங்கும்.

அடுப்பருகே போனேன். மெதுவாகக் கேட்டேன்: "அன்னிக்கே தெரியுமா உனக்கு?"

"எது வாத்தியாரே?" ரொட்டியைப் புரட்டினாள்.

"தாத்தா இங்க வந்து உக்காந்துட்டா அப்புறம் யாரும்—"

"சோயாப்பால் சக்கரை போட்டதா, போடாததா?"

போட்டது, என்றேன்.